சிறுகதையா, குறுநாவலா: பெயர் சொன்னா போதுமா?

இலக்கிய வகைகளைப் பற்றிக் கேட்டால் நம் படிவம் 5 மாணவர்கள் மடமடன்னு ஒப்பிப்பார்கள். சிறுகதை என்றால் ஒரே அமர்வில் படித்து முடிப்பது, ஒரே உணர்வு, சில பாத்திரங்கள். சரிதான். ஆனா அந்த இலக்கணத்தை வைத்துக் கதையிடம் என்ன கேள்வி கேட்பது? திறனாய்வு அங்கேதான் தொடங்குது.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934), 'துன்பக்கேணி' (1935) இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் 'மணிக்கொடி'யில் வந்தவை. இரண்டிலும் வறுமை ஒரு பெண்ணின் உடலை விலையாகக் கேட்கிறது. கரு கிட்டத்தட்ட ஒன்று, வடிவம் வேறு.

'பொன்னகரம்' சில பக்கம்தான். மில்லில் வேலை செய்யும் அம்மாளு, குதிரைவண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் கணவன், அவன் கேட்கும் பால்கஞ்சி, கடைசியில் முக்கால் ரூபாய். அவள் வாழ்க்கை வரலாறு நமக்குச் சொல்லப்படல. சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு நகர்ந்திருப்போம். சொல்லாததால், கதைசொல்லியின் குத்தல் நேரே நம்மீது பாய்கிறது. சுருக்கம்தான் இங்கே பலம்.

'துன்பக்கேணி' நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. மருதியின் கதை மகள் வெள்ளைச்சி வரை நீள்கிறது. சிறுகதைத் தொகுப்புகளில் இடம்பெற்றாலும் இதைக் குறுநாவல் என்பதே பொருத்தம். பக்கக் கணக்கு மட்டும் காரணமல்ல. ஒரே காட்சியாக எழுதியிருந்தால் ஒரு கெட்டவன் செய்த கொடுமையாக முடிந்திருக்கும். ஊர், தோட்டம், தாய், மகள் என்று விரிவதால்தான் ஓர் அமைப்பே குற்றவாளி என்று புரியுது. குறையும் உண்டு. பிற்பகுதியில் ஆண்டுகள் வேகமாகத் தாவுகின்றன. முற்பகுதியின் நிதானம் அங்கே இல்லை.

ஜொகூர் மாணவர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. அங்கே தேயிலை, இங்கே ரப்பர். கங்காணி முறை மலாயாவிலும் இருந்தது. அதனாலேயே பலர் "நம் முன்னோர் பட்ட துயரம்" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். உணர்ச்சி நியாயமானதுதான். ஆனா அது இன்னும் திறனாய்வு ஆகல.

வகுப்பில் மூன்று கேள்விகளைக் கொடுத்துப் பாருங்கள்:

1. கதை எவ்வளவு காலத்தை, எத்தனை இடங்களைக் காட்டுகிறது?
2. எதைச் சொல்லாமல் விடுகிறது?
3. நீளத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ எந்தப் பொருள் கெடும்?

மூன்றாவது கேள்விக்குக் கதையிலிருந்தே சான்று காட்டி ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அதை எழுதத் தெரிந்த மாணவர் கதைச்சுருக்கத்தை விடையாகக் கொடுக்க மாட்டார்.