தெளிந்த செல்லும் சிவந்த செல்லும்

மார்பகமே உருமாறிய ஒரு வியர்வைச் சுரப்பிதான். கருவில் தோல் உள்ளே இறங்கி வளர்ந்ததில் உருவான உறுப்பு அது. அதனால்தான் வியர்வைச் சுரப்பியில் முளைக்கும் சாதுவான கட்டி ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால், அதைப் புற்றுநோயிலிருந்து பிரித்தறிவது அத்தனை நுட்பமான வேலையாகிறது. நாடுலார் ஹைட்ரடினோமா என்ற இந்தக் கட்டி தலையிலோ கைகாலிலோ வந்தால் யாரும் அவ்வளவாக மிரள்வதில்லை. மார்பகத்தில் மிக அரிது. ஸ்கேனில் பாதி நீராகவும் பாதி கெட்டியாகவும் தெரிந்து சந்தேகத்தைக் கிளப்பும். ஊசியில் உறிஞ்சி எடுத்த செல்களை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல, கைதேர்ந்தவர்களும் தயங்குவார்கள்.

கட்டியை எடுத்து ஸ்லைடு போட்ட பிறகுதான் கண்ணுக்கு விருந்து. ஃபார்மலினில் ஊறி, மெழுகில் உறைந்து, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவிய துண்டு. அதை முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் பார்க்க வேண்டும். இதன் முதல் அழகு ஓரத்தில் இருக்கிறது. உருண்டை உருண்டையான முடிச்சுகள் சுற்றியுள்ள திசுவை ஒதுக்கித் தள்ளி நிற்கின்றனவே தவிர, கொழுப்புக்குள் ஊடுருவிக் கலைக்கவில்லை. முடிச்சுகளுக்கு இடையே ஈயோசின் சாயம் ஏறிய இளஞ்சிவப்புக் கொலாஜன் பட்டைகள், செல் ஒன்றுகூட இல்லாத வழவழப்போடு ஓடுகின்றன.

பிறகு லென்ஸை மாற்றினால், ஒரே முடிச்சுக்குள் இரண்டு வகை செல்கள். ஒன்று சிவந்து, பலகோணமாக, நெருக்கியடித்து நிற்கும். மற்றொன்று வெந்த ஜவ்வரிசி மாதிரி தெளிந்து, ஒரு சிறு கரும்புள்ளியை மட்டும் ஏந்தியிருக்கும். வெறுமையாகத் தோன்றும் அந்தச் செல்லுக்குள் இருப்பது கிளைக்கோஜன். பிஏஎஸ் சாயம் விட்டால் அது மெஜந்தா நிறத்தில் எழும். டயாஸ்டேஸ் நொதியை முன்னதாகவே ஊற்றிவிட்டால் கிளைக்கோஜன் கரைந்து, சாயத்துக்குப் பிடிப்பே இல்லாமல் போகும். இரண்டு ஸ்லைடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில் அலுப்பே தட்டுவதில்லை. நடுநடுவே நுண்ணிய குழாய்கள் வேறு. தோலை எட்ட வழியில்லாத இடத்திலும் வியர்வைக் குழாயின் வடிவத்தை அந்தச் செல்கள் மறக்கவில்லை.

புற்று ஊடுருவியிருந்தால் பெரும்பாலும் காணாமல் போகும் பி63 புரதம், அதற்குரிய சாயம் இட்டால், இங்கே கட்டிச் செல்களின் உட்கருவில் பழுப்பாகப் பரவி நிற்கும். ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் சிஆர்டிசி1, எம்ஏஎம்எல்2 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்றிலும் இதே ஒட்டு உண்டு! ஆகவே மரபணுச் சோதனை துணைக்குத்தான். தீர்ப்பைக் கண்தான் எழுத வேண்டும்.

கண்ணுக்கும் ஒரு செய்தி தேவை. கட்டி தோலை ஒட்டி இருந்ததா, ஆழத்தில் இருந்ததா? அந்த ஒரு வரி, வியர்வைச் சுரப்பியை நினைவூட்டிவிடும். அறுவை மருத்துவர்கள் பயாப்ஸி படிவத்தில் அதைத் தவறாமல் எழுதி அனுப்ப வேண்டும். ஹைட்ரடினோமா என்று உறுதியானால் கீமோ வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம். சுற்றிலும் சிறிது நல்ல திசுவோடு முழுமையாக எடுத்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று கவனித்து வந்தால் போதும்.