முகத்தைவிடக் குல்லாயை நம்பலாம்

அந்தமானின் பெரார்கஞ்ச் வாசகர்கள் பலர் செல்லுலார் சிறைக்கு எதிரேயுள்ள பூங்காவில் இந்து பூஷண் ராய், மகாவீர் சிங் முதலான தியாகிகளின் சிலைகளைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் மறைந்து பல காலம் கழித்து வைத்த சிலைகள் அவை. சுதந்திர இந்தியா அவர்கள்மேல் கொண்ட மரியாதைக்கு அவை நேர்சாட்சி. சிறைக்குள் நடந்ததற்கு அல்ல. எந்தச் சிலையைச் சரித்திரச் சான்றாக எடுத்தாலும், யார் வைத்தது, எப்போது வைத்தது என்பதே முதல் கேள்வி.

பெயர் பொறித்திருந்தால் போதாதா? மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் ஓர் அரசர் இரு தேவியர் நடுவே அமர்ந்திருக்கிறார். எதிர்ச் சுவரில் இன்னொருவர் தேவியின் கைபிடித்தபடி கருவறைப் பக்கம் கை காட்டுகிறார். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்களும் உண்டு. ஆனால் பல்லவர் வம்சத்தில் ஒரே பெயர் பலருக்கு வரும். இவர் எந்த மகேந்திரன் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சோழர் மரபில் கோனேரிராஜபுரம் நல்ல பாடம். செம்பியன் மாதேவி தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் எழுப்பிய கற்றளி அது. கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்துக்குக் கல்வெட்டே விளக்கம் தருகிறது. யார் என்பதில் ஐயமில்லை. ஆனால் செதுக்கியது அவர் மறைந்த பிறகு. முகம் அவருடையதுதானா என்று சொல்ல வழியில்லை.

விஜயநகரத்தில்தான் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயர் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகள் உள்ளன. தோளில் பெயர் பொறித்தவை. 1520 வாக்கில் அவரை நேரில் பார்த்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், நடுத்தர உயரம், சற்றே பருத்த உடல், முகத்தில் அம்மைத் தழும்பு என்று எழுதிவைத்தார். சிலையிலோ மெல்லிய உடல், வழுவழுப்பான முகம். ஆனால் பயஸ் சொல்லும் குல்லாய் சிலையின் தலையிலும் இருக்கிறது! பக்திக்காக முகத்தைத் திருத்திய ஸ்தபதி, தினமும் கண்ட குல்லாயைத் திருத்த நினைக்கவில்லை.

ரோமிலும் இதே கதைதான். டிராஜன் தூணில் (கி.பி. 113) படைவீரர்கள் பளபளக்கும் தகட்டுக் கவசத்தோடு அணிவகுக்கிறார்கள். அந்தத் தூண் காட்டும் அதே போரின் நினைவாக, இன்றைய ருமேனியாவின் ஆதம்கிளிசியில் எழுந்த சின்னத்தின் சிற்பங்கள் முரட்டு வேலைதான். அங்கே வீரர்கள் வளையக் கவசமும் செதில் கவசமும் கைக்காப்பும் அணிந்திருக்கிறார்கள். அழகில் தூண் வெல்லும். படைக்கருவி ஆய்வுக்கு நான் ஆதம்கிளிசியையே முதலில் அழைப்பேன்.

மதுரைப் புதுமண்டபத்தில் நிற்கும் நாயக்கர் வரிசையில், மண்டபம் கட்டிய திருமலை நாயக்கர் ஸ்தபதிகள் கண்ணால் கண்டவர். மற்றவர்கள் அவருக்கு முன் ஆண்டவர்கள்; பலர் வெகு காலம் முன்பே மறைந்தவர்கள். அவர்கள் முகம் எப்படி என்று அங்கே கேட்பதில் பயனில்லை. திருமலை நாயக்கர் காலத்து உடையையும் நகையையும் இடுப்புக் குத்துவாளையும் கேட்டால் பதில் கிடைக்கும்.