ஏழு நாளா, பத்து நாளா? – ஒரு விதிமுறையைப் பற்றிய விமர்சனம்

2020-ஆம் ஆண்டுக்கும் 2022-ஆம் ஆண்டுக்கும் இடையில் உங்களில் பெரும்பாலோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒருவருக்குக் கோவிட். அவருக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. "இனி எல்லோருடனும் சேர்ந்து இருக்கலாம்" என்று எந்த நாளில் அவரிடம் சொல்வது? சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணிய கணக்கு அது.

இந்தக் கணக்குக்கு வழிகாட்ட, மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. வீட்டுத் தனிமைக்கான வழிகாட்டு நெறிமுறைகள் என்பது அதன் பெயர். நாம் நூல்களை விமர்சிக்கிறோம், திரைப்படங்களை விமர்சிக்கிறோம். கோடிக்கணக்கான குடும்பங்களின் அன்றாட வாழ்வை நடத்திச் சென்ற இந்தச் சில பக்கங்களை விமர்சிக்க வேண்டாமா? உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கோவிட் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. பரபரப்பு அடங்கியிருக்கிறது, ஆனால் நோய் ஒழிந்துவிடவில்லை. நாளை வேறொரு நோய்க்கும் இப்படி ஓர் ஆவணம் எழுதப்படும். எனவே நிதானமாகப் படித்துப் பார்க்க இதுவே தக்க தருணம்.

ஏரிக்கரையிலிருந்து ஒரு கேள்வி

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. அதன் கரையிலுள்ள மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு மாணவர் என் வகுப்பில் படித்தார். 2022 ஜனவரியில் அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

"சார், நைனாவுக்குக் கொரோனா. 9-ஆம் தேதி காய்ச்சல் வந்தது. 11-ஆம் தேதி மூக்கிலே மாதிரி எடுத்தாங்க. 13-ஆம் தேதிதான் பாசிட்டிவ்னு சொன்னாங்க. இப்போ காய்ச்சல் இல்லை. 19-ஆம் தேதி எங்களுக்குப் பாடு. அவர் போகலாமா?"

'பாடு' என்பது அங்குள்ள சில குப்பங்களில் தொன்றுதொட்டு வரும் முறை. ஏரியில் நல்ல மீன்பாடு உள்ள இடங்களில் வலை கட்டும் உரிமை, முறைவைத்துக் குடும்பங்களுக்குள் சுழன்று வரும். தம் முறை வரும் நாள் அந்த வீட்டுக்கு வருமானம் வரும் நாள். மாணவரின் வீட்டிலோ இருப்பது ஓர் அறையும் ஒரு திண்ணையும்தான். அந்த அறையில் எழுபது வயதைத் தாண்டிய ஆயாவும் இருக்கிறார். ஒரு பக்கம் ஒரு நாள் வருமானம். மறுபக்கம் ஆயாவின் உயிர். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அதன் பின்னே நிற்பவை சிறியவை அல்ல.

விதிமுறையைப் புரட்டினேன். 2022 ஜனவரி 5 அன்று வெளியான திருத்தம் என்ன சொல்கிறது? பாசிட்டிவ் எனத் தெரிந்ததிலிருந்து குறைந்தது 7 நாள் கடந்திருக்க வேண்டும். தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. அதன் பின்னும் முகக்கவசம் அணிய வேண்டும். சரி, எந்த நாளிலிருந்து 7? மாதிரி எடுத்த 11-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 18-ஆம் தேதி விடுதலை. முடிவு வந்த 13-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 20-ஆம் தேதி. முந்தைய 2021 ஏப்ரல் விதிப்படி, நோய்க்குறி தோன்றிய 9-ஆம் தேதியிலிருந்து 10 நாள் எண்ணினால் 19-ஆம் தேதி. ஒரே மனிதர், ஒரே நோய், மூன்று தேதிகள்!

எண்கள் எப்படி மாறின?

இந்த ஆவணத்தின் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள். 2020 மே 10-இல் வெளியான வடிவம், நோய்க்குறி தோன்றி 17 நாள் தனிமை வேண்டும், 10 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு ஜூலையில் அது 10 நாளாயிற்று. 3 நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் போதும், ஆனால் மேலும் 7 நாள் வீட்டிலேயே இருந்து உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 28-இல் வெறும் 10 நாள். 2022 ஜனவரியில் 7 நாள். அதற்குச் சில நாட்கள் முன்னர், 2021 டிசம்பர் 27 அன்று, அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 10 நாளை 5 நாளாகக் குறைத்து, அடுத்த 5 நாள் முகக்கவசம் அணியச் சொன்னது.

எண் மாறியது குற்றம் அன்று. புதிய சான்று கிடைத்தால் முடிவை மாற்றிக்கொள்வதுதான் விஞ்ஞானத்தின் இயல்பு. ஆனால் எண்ணை மாற்றும்போது அதற்கான காரணத்தையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமற் போனால், "நேற்று 17, இன்று 7, நாளை என்னவோ" என்று மக்கள் எண்ணத் தொடங்குவார்கள். விதியின் மேல் உள்ள மதிப்பு அங்கேயே போய்விடும்.

பாராட்டத் தக்க பகுதி

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். தனிமையை முடிக்க மறுபடியும் சோதனை தேவையில்லை என்று இந்த ஆவணம் சொன்னது. இது மிகச் சரி. ஏன் என்று காண்போம்.

ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையில் கிருமியின் மரபுப் பொருள் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிக்கப்படுகிறது. 10 சுற்றில் ஒன்று 1,024 ஆகும். 20 சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். இத்தனை நுட்பமான கருவிக்குக் கிருமியின் சிதறிய துண்டுகூடப் போதும். அது உயிருள்ள கிருமியா, செத்த கிருமியின் மிச்சமா என்பது அதற்குத் தெரியாது. மீனெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும் படகில் செதில்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? செதிலைப் பார்த்துப் படகில் மீன் இருக்கிறது என்று சொன்னால் சரியாகுமா?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 9 நோயாளிகளை ஆராய்ந்து, 2020 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய்க்குறி தோன்றி 8 நாளுக்குப் பின் எடுத்த மாதிரிகளிலிருந்து உயிருள்ள கிருமியை வளர்க்க முடியவில்லை. ஆனால் மரபுப் பொருள் மட்டும் நிறையவே தென்பட்டது. இதை அறியாமல், "நெகட்டிவ் சான்று கொண்டு வந்தால்தான் வேலை" என்று பல முதலாளிகள் வாரக் கணக்கில் தொழிலாளர்களை அலையவிட்டார்கள். அவர்களைவிட அமைச்சகத்தின் ஆவணம் விஞ்ஞானத்துக்கு அருகில் இருந்தது.

முதற் குறை: எண்ணத் தொடங்கும் நாள்

இனிக் குறைகளுக்கு வருவோம். கிருமி உடலில் பெருகுவதும் குறைவதும் ஆய்வுக்கூடத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. நோய்க்குறி தோன்றும் நாளை ஒட்டியே அதன் ஏற்றமும் இறக்கமும் அமைகின்றன. ஆகவே 2020, 2021 விதிகள் நோய்க்குறி தோன்றிய நாளிலிருந்து எண்ணச் சொன்னது சரி. 2022-இல் அதை விட்டுவிட்டுச் சோதனையிலிருந்து எண்ணச் சொன்னது பின்னடைவு. காய்ச்சல் வந்த அன்றே சோதனை செய்துகொண்டவர் 7-ஆம் நாளே வெளியே வந்துவிடுவார். ஐந்து நாள் கழித்துச் சோதனைக்குப் போனவர் 12 நாள் அடைந்து கிடப்பார். இந்த எண் ஆய்வுக்கூடத்தின் வரிசையைத்தான் அளக்கிறது.

7 நாள் என்பது போதுமா? லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள் 57 பேரை நாள்தோறும் ஆராய்ந்து 2022 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டார்கள். நோய்க்குறி தோன்றி 5 நாள் ஆனபோது மூன்றில் இரண்டு பங்கினர் இன்னும் தொற்றவைக்கும் நிலையில் இருந்தனர். 7 நாள் ஆனபோதும் நான்கில் ஒருவர் அப்படி இருந்தார். ஜனவரியில் விதியை எழுதியவர்கள் முன் இந்த முடிவு இருக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 7 என்பது அபாயம் அற்றுப்போகும் நாள் அன்று, அபாயம் குறைந்திருக்கும் நாள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே!

இரண்டாம் குறை: அறை இருக்கிறது என்ற அனுமானம்

நோயாளிக்குக் காற்றோட்டமுள்ள தனி அறை வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும் என்கிறது ஆவணம். நல்ல அறிவுரைதான். வீட்டில் அதற்கு வசதி இருப்பவர்களுக்கே வீட்டுத் தனிமை என்றும் சொல்கிறது. ஆனால் ஓர் அறை வீட்டுக்காரர்களும் வீட்டிலேயே இருந்தார்கள் என்பது நாம் அனைவரும் கண்ட உண்மை. அவர்களுக்கு இந்த ஆவணம் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கேதான் ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு வேலை வருகிறது. ஓர் அறைக்குள் நோயாளி மூச்சுவிடும்போது கிருமித் துகள்கள் காற்றில் சேர்கின்றன. காற்று மாறும்போது வெளியேறுகின்றன. மற்றவை சமமாக இருக்க, மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் தங்கும் துகள்கள், மணிக்கு ஒரு முறை மாறும் அறையில் தங்குவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். திறந்த ஏரியின் நடுவே கடற்காற்று வீசும் இடத்தில் இது இன்னும் எவ்வளவோ குறையும். அப்படியானால் என் மாணவரின் நைனா அபாயம் அதிகம் தருவது எங்கே? படகிலா, ஆயா படுத்திருக்கும் அந்த அறையிலா?

"வெளியே போகாதே, வீட்டுக்குள் இரு" என்ற விதி, பல அறை வீட்டில் அனைவரையும் காக்கிறது. ஓர் அறை வீட்டிலோ, யாரைக் காக்க வேண்டுமோ அவர் பக்கத்திலேயே நோயாளியை உட்கார வைத்துவிடுகிறது. அபாயத்தை நாள் மட்டும் தீர்மானிப்பதில்லை. இடமும் எதிரில் இருப்பவரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர். இந்த ஒரு செய்தியை ஆவணம் விட்டுவிட்டது. என் பார்வையில் இதுவே அதன் பெரிய குறை.

பின் எப்படி முடிவு செய்வது?

தொற்றும் தன்மை ஒரே நாளில் நின்றுபோவதில்லை. சரிவில் இறங்குவதுபோல் நாளுக்கு நாள் குறைகிறது. ஆகவே தனிமையையும் படிப்படியாக முடிப்பதே அறிவுடைமை. மாணவரிடம் நான் சொன்னதும் அதுவே. நான் மருத்துவன் அல்லன். ஆகவே டாக்டரையும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

முதலாவது, காய்ச்சல் வந்த நாளைச் சுழியம் என்று வைத்து எண்ண வேண்டும். நோய்க்குறியே இல்லாதவர்கள் மாதிரி கொடுத்த நாளிலிருந்து எண்ணலாம். இரண்டாவது, மாத்திரை போடாமலே காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். மாத்திரையால் அடங்கிய காய்ச்சலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்றாவது, முதலில் திறந்த வெளி, அடுத்து காற்றோட்டமுள்ள இடம், கடைசியாக மூடிய அறை. நான்காவது, முதியவர், கர்ப்பிணி, நீரிழிவு போன்ற நோயுள்ளவர் ஆகியோரிடம் எல்லோருக்கும் கடைசியில் நெருங்க வேண்டும். 10 நாள் முடியும்வரை முகக்கவசம் வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களிடம் கிருமி இன்னும் நீண்ட நாள் உயிரோடு இருக்கலாம். அவர்கள் விஷயத்தில் டாக்டரே முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் துரித ஆன்டிஜென் சோதனைக்கு 2021 மே மாதத்திலேயே நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. கிருமி நிறைய இருக்கும்போதுதான் அது பாசிட்டிவ் காட்டும். ஆகவே தனிமையை முடிக்கும் முன் அது ஓரளவு துணை செய்யும். ஆனால் முதலில் வந்த பெட்டியின் விலை 250 ரூபாய். வலையில் என்ன விழும் என்று தெரியாத வீட்டுக்கு அது சிறு தொகை அன்று. காலண்டருக்கும் திறந்த காற்றுக்கும் காசு வேண்டாம்.

மாணவரின் நைனா அத்தனை இரவுகளும் திண்ணையில் படுத்தார். 19-ஆம் தேதி, அதாவது 10-ஆம் நாள், முகத்தில் கவசத்துடன் படகின் ஒரு முனையில் உட்கார்ந்து பாடுக்குப் போய் வந்தார். மேலும் சில நாள் திண்ணையிலேயே சாப்பிட்டார். ஆயாவுக்கு நோய் வரவில்லை. இதை வைத்து என் அறிவுரை சரி என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டு அனுபவம் சான்றாகாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பவன் நான்.

ஆனால் ஒன்று சொல்வேன். அந்தக் குடும்பம் காரணத்தைப் புரிந்துகொண்டது. புரிந்துகொண்டபின் தன் வீட்டுக்கும் தன் தொழிலுக்கும் ஏற்ற வழியைத் தானே கண்டது. அடுத்த விதிமுறையை எழுதுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மக்களுக்கு எண்ணைக் கொடுங்கள். கூடவே, அந்த எண் எப்படி வந்தது என்பதையும் அவர்கள் மொழியில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்.