வேடிக்கையும் விடுதலையும்: இரண்டு திரைப்படங்கள்

கலைப்படைப்பொன்று மக்கள் மனத்தை உருக்கிவிட்டது என்பதனால் மட்டும் அது உண்மையைக் கூறிவிட்டது என்று கொள்ளல் பொருந்தாது. கண்ணீர் சில வேளைகளிற் சிந்தனையைத் தூண்டும். சில வேளைகளிற் சிந்தனைக்குப் பதிலாகவும் நின்றுவிடும். கொலையாளித் திமிங்கிலம் எனப்படும் ஓர்காவைத் தொட்டியில் அடைத்து வேடிக்கை காட்டும் தொழிலைப் பற்றி எழுந்த இரு அமெரிக்கப் படங்களை ஒப்புநோக்குவோர்க்கு இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

முதலாவது, 1993இல் வெளிவந்த 'பிறீ வில்லி'. ஆதரவற்ற சிறுவனொருவன் பூங்காவிற் சிறைப்பட்ட திமிங்கிலத்தோடு நட்புக்கொண்டு அதனைக் கடலுக்கு மீட்கிறான். கல்லணைக்கு மேலாக அது பாய்வதோடு துன்பம் யாவும் முடிந்துவிடுகிறது. ஆயின், அவ்வேடந் தாங்கிய கெய்க்கோ என்னும் திமிங்கிலமோ, படம் வெளிவந்த காலத்தும் மெக்சிக்கோ நகரப் பூங்காவொன்றின் ஒடுங்கிய தொட்டியிலே தோல்நோயுடன் கிடந்தது. படம் பார்த்தோர் எழுப்பிய குரலாலேயே அது 1996இல் அமெரிக்காவின் ஒரிகனுக்கும், 1998இல் தான் பிறந்த ஐஸ்லாந்துக் கடலுக்கும் கொண்டு செல்லப்பட்டது. அவ்வளவில் அப்படத்திற்கு நாம் நன்றி கூறவேண்டும். 2002இல் நோர்வேயை அடைந்த கெய்க்கோ, அங்கும் மனிதரையே நாடிச் சென்றது; தன்னினத்தோடு நிலையாகக் கலவாமலே 2003 டிசம்பரில் இறந்தது. ஒரே பாய்ச்சலில் விடுதலை என்ற கற்பனையை வாழ்க்கை இவ்வாறு திருத்தி எழுதியது.

இரண்டாவது, கப்ரியேலா கவ்பர்த்வெயிற் 2013இல் நெறிப்படுத்திய 'பிளாக்பிஷ்' என்னும் விவரணப் படம். 1983இல் ஐஸ்லாந்துக் கடலில், ஏறத்தாழ இரண்டு வயதிலே தாயினின்றும் பிரிக்கப்பட்ட திலிக்கும் என்னும் திமிங்கிலத்தின் கதை இது. கனடாவில் 1991இலும், புளோரிடாவின் ஒர்லாண்டோவில் உள்ள சீவேர்ல்ட் பூங்காவில் 1999இலும் 2010இலுமாக, மூவரின் இறப்போடு அது தொடர்புடையது. கடலில் ஓர்கா மனிதனைக் கொன்றதாக உறுதியான பதிவு எதுவுமில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. குடும்பத்தோடு வாழ்ந்து, குடும்பத்துக்கென ஒலிமொழி வகுத்து, நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலும் நீந்தவல்ல உயிரைச் சுவருக்குள் அடைத்தவர்கள், அதன் சினத்தை அதன் இயல்பு என்று கூறுதல் எங்ஙனம்?

இப்படத்தின் சிறப்பு, தொழில் செய்தோரையே சாட்சிகளாக்கியமையாகும். 1970இல் அமெரிக்க மேற்குக் கரையில் நிகழ்ந்த வேட்டையிற் பங்குகொண்ட சுழியோடி ஒருவர், இறந்த குட்டிகளின் வயிற்றைக் கீறிக் கல் நிரப்பி ஆழ்த்திய செய்தியைத் தாமே கூறுகிறார். 2010இல் பயிற்சியாளர் டோன் பிராஞ்சோ கொல்லப்பட்டபோது அவரது பின்னலே காரணமாகச் சுட்டப்பட்டதை அவருடைய பழைய தோழர்கள் மறுக்கின்றனர். விலங்கைச் சுரண்டும் நிறுவனம், அவ்விலங்கோடு உழைப்பவரின் சாவையும் உழைப்பவர்மீதே சுமத்தும் முறையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. தொழிற்பாதுகாப்பு அதிகாரிகளின் தீர்மானத்தை எதிர்த்து நிறுவனம் தொடுத்த முறையீட்டை 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் நிராகரித்தது.

எனினும் குறையில்லாமல் இல்லை. திகிற்கதைக்குரிய இசையும் அடுக்குமுறையும் திலிக்குமின் மனப்பிறழ்வையே மையமாக்குகின்றன. நுழைவுச்சீட்டு வாங்கிக் கைதட்டிய மக்களை நோக்கி வினா எழுப்பப் படம் தயங்குகிறது. அவர்கள் பணமின்றி அத்தொட்டி ஒருநாளும் நிலைத்திராது. பழைய பயிற்சியாளர்கள் படகேறிக் கடலில் நிமிர்ந்த செட்டையுடன் நீந்தும் ஓர்காக்களைக் கண்டு மகிழ்வதோடு படம் முடிகிறது. தொட்டியில் எஞ்சியவை என்னாவது என்பதற்கு அங்கு விடையில்லை.

அவ்விடை எளிதன்று. 2016இல் சீவேர்ல்ட் ஓர்கா இனப்பெருக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 2019இல் கனடா திமிங்கிலங்களைப் புதிதாகச் சிறைப்படுத்துவதைச் சட்டத்தாற் தடுத்தது. இவை மக்கள் கருத்து ஈட்டிய வெற்றிகள். ஆயினும் திலிக்கும் 2017 ஜனவரியில் தொட்டியிலேயே மடிந்தது. தொட்டியிற் பிறந்த உயிர்க்குக் கடலைத் திறந்துவிட்டாற் போதாது. காவலுள்ள கடற்புகலிடமும் நீண்டகாலப் பராமரிப்பும் வேண்டும். அச்செலவை அவற்றால் இலாபம் ஈட்டியவரே ஏற்றல் நீதியாகும்.

முதற்படம் விடுதலையை விரும்பச் செய்தது. இரண்டாவது சிறையை விளங்கச் செய்தது. சிறையை அமைத்தவரோடு அதற்குக் கட்டணம் செலுத்தியவரையும் ஒரே கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் மூன்றாவது படம் இனித்தான் எடுக்கப்படவேண்டும்.