எலுமிச்சம்பழம் மறித்த தேர்

ஆயுத பூசையன்று திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் அரம், சுத்தியல், வைஸ் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு, ஆளுக்கொரு கிள்ளு பூவும் வைப்பார்கள். ஒரு பட்டறையில் அந்த வரிசையின் கடைசியில் ஒரு பேரிங் வண்டியும் நின்றது. பட்டறைக்காரரின் மகனுடையது. ஒரு பலகை, நாலு பழைய பேரிங், முன்னால் இழுக்க ஒரு கயிறு, வண்டி அவ்வளவுதான். ஆனால் அலங்காரம்!

பலகைக்கு நீல எனாமல் பெயிண்ட். அது முழுக்கக் காய்வதற்குள், தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் ஜிகினாத் தூளைத் தூவியிருக்கிறான். ஈரத்தில் தூவினால் மினுக்கு பெயிண்டுக்குள் அமுங்கிவிடும். காய்ந்தபின் தூவினால் முதல் திருப்பத்திலேயே தெருவுக்குப் போய்விடும். ஓரங்களில் அடர்த்தியாகத் தூவி, உட்காரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். (டவுசரில் ஒட்டும் என்று அம்மா திட்டியிருப்பார், அழகியலுக்கு இப்படியும் காரணங்கள் உண்டு.) பேரிங்கில் ஒரு சொட்டு பெயிண்ட் படவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. உள்ளே உருளும் குண்டுகளில் பிசுக்கு ஏறினால் வண்டி ஓடாது என்று பட்டறைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டுகிறோம். இவன் தன் வண்டியின் அளவைப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு சோளத்தட்டையைக் கட்டி, நுனியில் செண்டுமல்லி செருகியிருந்தான். அன்றைக்குப் பூ விற்ற விலைக்கு அதுவே தாராளம்.

சிறுதேரைப் பார்க்கும் கண் தமிழுக்குப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு குழந்தையின் தேரைக் காட்டுகிறார். தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி செய்த தேராம். ஊரார் மெச்சினார்கள் என்று அவர் எழுதவில்லை. மரச்சாமானிலேயே புரண்டு வளரும் தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசை வரவேண்டும் என்றால், வேலை எப்படி இருந்திருக்க வேண்டும்! ஏறிப் போவதற்கான தேரும் அல்ல அது, உருட்டுவதற்கு மட்டும்.

பூசை முடிந்தது. கருவிகளுக்கு அன்று ஓய்வு. வண்டிகளுக்கு மட்டும் தெருவைச் சுற்றிவரும் ஊர்வலம் உண்டு. அப்பாவின் மொபெட் சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் ஒரே நசுக்கில் சப்பையானது. அடுத்து மகனின் முறை. கயிற்றை இழுத்தான். பேரிங் பழத்தில் முட்டி நின்றது. வேகமாக இழுத்தால் பழம் முன்னால் உருண்டு ஓடியது. பின்னால் வந்த வண்டி திரும்பவும் முட்டியது. ஜிகினா உதிர்ந்ததுதான் மிச்சம்.

"யப்பா, அரிஞ்சு வையிப்பா!"

பாதிப் பழத்தைக் கவிழ்த்து வைத்தார். அப்போதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் ஏறி இறங்கியது. பிறகு கடகடவென்ற பேரிங் சத்தம் மூலை திரும்பும் வரை கேட்டது.

பட்டினப்பாலையைப் பாடியதும் அதே உருத்திரங்கண்ணனார்தான். அங்கே காயப்போட்ட தானியத்தைக் கொத்த வரும் கோழி மேல் ஒரு பெண் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அது கிடந்து, பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேரை மறிக்கிறது. சோழநாட்டுச் செல்வத்துக்குச் சான்றாகவே இந்த இடத்தை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கோ தேரின் அளவு அதில் சொல்லாமல் சொல்லப்பட்டிருப்பதில்தான் ருசி. ஒரு காதணி மறித்தால் நின்றுவிடும் தேர் என்றால், அதன் சக்கரம் எத்தனை சிறிதாக இருக்க வேண்டும்!