மெக்சிகோ கண்டெடுத்த குரல்

மெக்சிகோ நகரின் வடபகுதியில் இருக்கிறது குவாதலூபே அன்னையின் பேராலயம். மெக்சிகோ மக்களின் மனத்துக்கு அதைவிட நெருக்கமான கோயில் இன்னொன்று இல்லை. அங்கே ஓர் அயல்நாட்டுப் பாடகியின் அஸ்தியில் ஒரு பகுதி வைக்கப்பட்டிருக்கிறது. அவர் மாட்ரிட்டில் பிறந்து, 2006 மார்ச் 25 அன்று மாட்ரிட்டை அடுத்த ஊரிலேயே கண்மூடியவர். பெயர் ரொசியோ துர்கால். மெக்சிகோக்காரர்கள் அவரைத் தங்கள் ரஞ்சேரா இசையின் ராணி என்றார்கள்; ஸ்பானியப் பெண்களிலேயே அதிகம் மெக்சிகோக்காரி என்றும் கொண்டாடினார்கள். தன் நாட்டிசையின் அரியணையை ஒரு நாடு வெளியூர்க்காரருக்கு விட்டுக்கொடுப்பது அபூர்வம். அந்த அபூர்வம் எதனால் நிகழ்ந்தது என்பதை அவர் பாடல்களிலேயே கேட்டறியலாம்.

ஸ்பெயின் அறிந்த ரொசியோ வேறு. 1944-இல் எளிய குடும்பம் ஒன்றில் மரியா தே லோஸ் ஏஞ்சலெஸ் என்ற பெயரோடு பிறந்த பெண் அவர். 1959-இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பாடியபோது லூயிஸ் சான்ஸ் என்பவரின் கண்ணில் பட்டார். அவர்தான் அந்தப் பெண்ணுக்கு மேடைப்பெயர் தேடியவர். வரைபடத்தில் விரல் வைத்த இடத்தில் கிரனாதா மாகாணத்துச் சிற்றூரான துர்கால் இருந்தது என்பார்கள். 1962-இல் முதல் படம் வந்தது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்குத் துள்ளலும் சிரிப்பும் பாட்டுமாக வரிசையாகப் படங்கள். பிராங்கோ ஆட்சிக் காலத்து ஸ்பெயினில், குடும்பத்தோடு கொட்டகைக்குப் போய்ப் பார்க்கத் தோதான நாயகி அவர். குரலும் அந்த வேடத்துக்கு ஏற்றாற்போல் இனிமையாக, தெளிவாக, சேதாரமே இல்லாமல் இருந்தது. அந்த இனிமையோடு ஸ்பானிய ரசிகர்களின் நினைவு நின்றுவிட்டது. இன்றும் அங்கே அவர் பெயரைச் சொன்னால் மூத்த தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது பதினேழு வயதுப் பெண்தான்.

ஆனால் அந்தப் படங்கள் கடல் தாண்டின. லத்தீன் அமெரிக்காவிலும் விலைபோக வேண்டும் என்று கணக்குப் போட்டு எடுத்த படங்கள் அவற்றில் உண்டு. 1966-இல் வந்த 'அகொம்பாஞாமே'யில் அவரோடு நடித்தவர் மெக்சிகோவின் ராக் பாடகர் என்ரிக்கே குஸ்மான். மறுவருடம் வந்த இன்னொரு படத்தில் ஜோடி, அர்ஜென்டினாவின் பாலித்தோ ஒர்த்தேகா. பாட்டுகளுக்கும் போக்குவரத்து இருந்தது. 1948-இல் மெக்சிகோவின் திரைநாயகன் ஹோர்கே நெக்ரேத்தே மாட்ரிட்டுக்கு வந்தபோது வரவேற்கக் கூட்டம் அலைமோதியது. அந்த நகரத்தில்தான் ரொசியோ அப்போது மூன்று வயதுக் குழந்தையாக இருந்தார். ரஞ்சேரா என்பது அவர் வளர்ந்த காற்றில் ஏற்கெனவே கலந்திருந்த இசை.

அரசாங்கங்களின் கதை வேறு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசு வீழ்ந்த பிறகு, பிராங்கோவின் அரசை மெக்சிகோ அங்கீகரிக்கவே இல்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இரு நாடுகளுக்கும் நடுவே தூதரக உறவு கிடையாது. அது மீண்டும் ஏற்பட்டது 1977 மார்ச்சில். அதே 1977-இல்தான் 'ரொசியோ துர்கால் பாடும் ஹுவான் கப்ரியேல்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. மணிலாவில் பிறந்த பாடகர் ஹூனியரை 1970-இல் மணந்து, பிள்ளைகள் பெற்று, சினிமாவை விட்டு விலகிக்கொண்டிருந்த நேரம். பலருடைய கலைவாழ்வு முடிகிற கட்டத்தில் அவருடையது தொடங்கியது.

பாடல்களை எழுதிய ஹுவான் கப்ரியேலுக்கு அப்போது இருபத்தேழு வயது. மிச்சோவகான் மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டு வேலைக்குப் போன தாய், எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸில் அவரைச் சிறுவர் இல்லம் ஒன்றில் விட வேண்டியிருந்தது. அங்கிருந்து வந்தவருடைய மெட்டுகளில் ஒரு தனித்தன்மை உண்டு. கிராமத்து ரஞ்சேராவின் எலும்பும், நகரத்துக் காதல் பாட்டின் சதையும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கும். அந்த உடம்புக்கு ஏற்ற குரலை அவர் உள்ளூரில் தேடாமல் மாட்ரிட்டில் கண்டுபிடித்தது மேதைமை.

அதன் அருமை விளங்க, ரஞ்சேரா ஒரு பாடகியிடம் எதைக் கேட்கிறது என்று தெரிய வேண்டும். பின்னால் இருப்பது மரியாச்சிக் குழு. பெருவயிற்று கித்தாரோன் அடிநாதத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்ன விவேலா தாளத்தைச் சீவித் தள்ளும். வயலின்கள் இணைகோடாக நகரும். இரண்டு டிரம்பெட்டுகள் வெயில் அடித்தாற்போல் நுழையும். இத்தனைக்கும் எதிரில் நின்று குரல் தன்னை நிலைநாட்ட வேண்டும். அதனால் லூச்சா ரேயஸ் தொடங்கி லோலா பெல்த்ரான் வரைக்கும் பெண்கள் வளர்த்தெடுத்த பாணி வீறுள்ள பாணி. நெஞ்சைத் திறந்து பாடுவார்கள். உச்சத்தில் குரல் உடைய அனுமதிப்பார்கள். கேவல், உறுமல், கூவல் எல்லாம் அதில் அலங்காரங்கள். இது மகத்தான மரபு. லோலா பெல்த்ரான் ஒரு கார்வையைப் பிடித்து நிறுத்தினால் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ரொசியோ இந்த மரபைப் போலி செய்யவில்லை. அவருடைய வெற்றியின் ஆணிவேர் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேற்று நாட்டு இசைக்குள் நுழைகிறவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள். அந்த நாட்டுக்காரர்களைவிட ஒரு படி கூடுதலாக அந்த நாட்டுக்காரர்களாகக் காட்டிக்கொள்வார்கள். உறுமல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கண்ணீர் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும். ரொசியோ எதையும் தூக்கிப் பாடவில்லை. தன் இயல்பான குரலோடு, ஒவ்வொரு சொல்லும் முழுசாகக் காதில் விழும் உச்சரிப்போடு வந்து மரியாச்சியின் நடுவில் நின்றார். டிரம்பெட்டுகளோடு போட்டி போடாமல் அவற்றுக்கு இடம் விட்டார். மரியாச்சியில் டிரம்பெட் பெரும்பாலும் வரிக்கும் வரிக்கும் இடையிலுள்ள வெளியில்தான் பேசும். அந்த இடைவெளியை எதிராளியின் ஆடுகளமாக எண்ணாமல், தான் சொன்னது கேட்பவர் மனத்தில் இறங்குவதற்கான அவகாசமாக அவர் எடுத்துக்கொண்டார். அவர் ஒரு வரியை மெல்ல முடிப்பார். டிரம்பெட் அதை உரக்கச் சொல்லும். துக்கத்தை மறைக்க முயலும் பெண்ணும், அதைக் காட்டிக்கொடுத்துவிடும் ஊரும் ஒரே பாட்டுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும்.

இதை அணு அணுவாக அனுபவிக்க வேண்டுமானால் 1984-இல் அவர் பதிவுசெய்த 'அமோர் எத்தெர்னோ'வை எடுத்துக்கொள்ள வேண்டும். 1974-இல் இறந்த தன் தாயை நினைத்து ஹுவான் கப்ரியேல் எழுதிய பாட்டு. போனவருக்காக இருப்பவர் பாடுவது. பிரிவைத் தாங்காத மனம், மறுபடி சந்திக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. பாட்டில் அகாபுல்கோ என்ற கடற்கரை நகரின் பெயர் வருகிறது. பொதுவான துயரத்துக்கு நடுவே சட்டென்று ஓர் ஊர்ப்பெயர் வந்ததும் அது ஒருவருடைய சொந்தத் துயரமாகிவிடுகிறது. ரொசியோ தொடங்கும்போது ஏறக்குறைய பேசுகிறார். மந்திர ஸ்தாயியில், அவசரமில்லாமல், எதிரில் ஒரே ஒரு ஆள் இருப்பதுபோல. மெட்டு மேலே ஏறும் இடத்தில் குரலின் அளவு பெருகுகிறது, அழுத்தம் பெருகவில்லை. தார ஸ்தாயியில் நிற்கும்போதும் அழுகை தொண்டையைத் தாண்டி வெளியே வராமல் அணை கட்டி நிற்கிறது. கேட்கிறவர் அந்த அணையைத்தான் கவனிக்கிறார். உடைந்துவிடுமோ என்ற பதற்றத்திலேயே அவர் கண்ணில் நீர் கட்டிக்கொள்கிறது.

இதே பாட்டை 1990-இல் மெக்சிகோ நகரின் கலை அரண்மனையில், தேசிய சிம்பொனி இசைக்குழுவின் துணையோடு ஹுவான் கப்ரியேலே பாடினார். அந்தப் பதிவும் புகழ்பெற்றது, புகழுக்குத் தகுந்தது. அங்கே மகன் பாடுகிறான். வரிகளை நீட்டுகிறான், நிறுத்துகிறான், கரைந்துபோகிறான், அரங்கத்தையும் கூட்டிக்கொண்டு போகிறான். அந்தத் துக்கம் அவனுடையது. நாம் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். ரொசியோவின் பதிவில் துக்கத்துக்கு உரிமையாளர் பெயர் இல்லை. தாயை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், துணையை இழந்தவர் என்று யார் வேண்டுமானாலும் அதற்குள் போய் உட்காரலாம். அவருடைய அடக்கம்தான் அந்த இடத்தை ஒழித்துத் தருகிறது.

மக்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். மெக்சிகோவின் சாவு வீடுகளில், மே 10 அன்னையர் தினத்தில், நவம்பர் 2 நீத்தார் நாளில் கல்லறைத் தோட்டங்களில் இந்தப் பாட்டு ஒலிக்கிறது. 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ நகரில் கடைக்கு வந்திருந்த மக்களை ஒருவன் சுட்டுக் கொன்றபோதும், அஞ்சலிக் கூட்டங்களில் மரியாச்சிகள் இதைத்தான் வாசித்தார்கள். எல் பாசோவிலிருந்து ஆற்றைக் கடந்தால் ஹுவாரெஸ், ஹுவான் கப்ரியேல் வளர்ந்த ஊர். ஒரு மகன் எழுதிய பாட்டு இப்படிப் பொதுச்சொத்தானதில் மாட்ரிட்டுக் குரலின் பங்கு பெரிது.

அவர் புகழ் ஒரே இசையமைப்பாளரின் நிழலில் நின்றதல்ல. 1986-இல் தொடங்கி எட்டு ஆண்டுகள், பாடல் உரிமைத் தகராறினால் ஹுவான் கப்ரியேல் புதிய இசைத்தட்டுப் பதிவுகளிலிருந்து விலகியிருந்தார். அந்த இடைவெளியில் ரொசியோ ஓய்ந்துபோகவில்லை. 1988-இல் மார்கோ அந்தோனியோ சொலீஸ் எழுதித் தந்த 'கோமோ து முஹெர்' அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்று. அதற்கும் முன்னால், 1981-இல், ஸ்பானிய இசையமைப்பாளர் ரஃபாயெல் பெரெஸ் பொத்தீகாவின் 'மழையில் நனையும் பூனை' பாட்டு வந்திருந்தது. விட்டுப் போகிறவனைத் தடுக்காமல் வழியனுப்பும் பெண் பாடுவது. நாடகமாடிக் கெடுக்க வாய்ப்புள்ள பாட்டு அது. அந்தப் பெண்ணைப் பரிதாபத்துக்குரியவளாக ஆக்காமல், எல்லாம் தெரிந்தும் தலை நிமிர்ந்து நிற்பவளாக ரொசியோ பாடியதால்தான், அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராதவர்களும் இன்று அதை வாய்விட்டுப் பாடுகிறார்கள்.

இதெல்லாம் கலப்படம், உண்மையான ரஞ்சேரா இல்லை என்று சொல்லும் தூய்மைவாதிகள் உண்டு. காதல் பாட்டுக்கு மரியாச்சி உடை போட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். கலப்பு என்பது உண்மைதான். குறை என்பதை ஏற்க முடியாது. மரியாச்சி இசையே கலப்பில் வளர்ந்தது. இன்று அதன் முத்திரையாகிவிட்ட டிரம்பெட், வானொலியும் சினிமாவும் வந்த இருபதாம் நூற்றாண்டில்தான் அதில் நிலைகொண்டது. வெளியிலிருந்து வந்தது என்பதற்காக யாரும் இன்று டிரம்பெட்டை எழுந்து போகச் சொல்வதில்லை. பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ரொசியோ பொருந்தினார் என்று கோடிக்கணக்கான காதுகள் தீர்ப்புச் சொல்லிவிட்டன.

வெளிநாட்டுப் புகழை உள்நாட்டுப் புகழின் எதிரொலியாக எண்ணுவது நம் பழக்கம். ஸ்பானிய மொழிப் பாடகர்களின் வரலாறு அதை மறுக்கிறது. ஸ்பெயினின் ராஃபாயெலை எடுத்துக்கொள்ளலாம். அவர் படம் ஒன்று சோவியத் திரையரங்குகளில் ஓடி, 1971-இல் அவரே மாஸ்கோவுக்கும் லெனின்கிராதுக்கும் போய்ப் பாடினார். அவர் பாட்டுக்காகவே ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கிய ரசிகைகள் அங்கே இருந்தார்கள். கோஸ்தா ரிக்காவில் பிறந்து மெக்சிகோவில் பாடிய சவேலா வர்காஸ், ரொசியோ போன பாதையில் எதிர்த்திசையில் வந்தவர். குடியினால் பல ஆண்டுகள் மேடையை விட்டே ஒதுங்கியிருந்தவரை, எழுபது வயதுக்கு மேல் மாட்ரிட் எழுந்து நின்று வரவேற்றது. இயக்குநர் அல்மொதோவார் தன் படங்களில் அந்தக் குரலுக்கு இடம் கொடுத்தார். ஒரே பத்தாண்டில் மெக்சிகோ ஒரு மாட்ரிட்காரியையும், மாட்ரிட் ஒரு மெக்சிகோக் குரலையும் தலையில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தன.

சொந்த ஊர் கலைஞரை முதலில் எந்த வயதில், எந்தக் கோலத்தில் பார்த்ததோ, அதிலிருந்து நகர மனம் வராமல் இருந்துவிடுகிறது. அந்நிய ஊருக்கு அந்தப் பாரம் குறைவு. ரொசியோவின் சிறுவயதுப் படங்களை மெக்சிகோவும் பார்த்திருந்தது. ஆனால் முப்பத்திரண்டு வயதில் அவர் வேறொரு பெண்ணாக வந்து நின்றபோது, பழைய கணக்கைத் தள்ளிவிட்டுப் புதுக்கணக்கு எழுதத் தயாராக இருந்தது. திருமணம், பிள்ளைப்பேறு, ஓய்வு எல்லாம் கடந்து அந்தக் குரலில் சேர்ந்திருந்த கனத்தை அது கேட்டது. அந்தக் கனம்தான் அவர் கலை. ஆகவே ரொசியோ துர்காலைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது: பதினேழு வயதுப் படப் பாடல்களிலிருந்து தொடங்க வேண்டாம். 1977-லிருந்து தொடங்கி, 1984-இல் கொஞ்ச காலம் தங்கி, மெல்ல முன்னே போங்கள். பிறகு பழைய பாடல்களுக்குத் திரும்பி வந்தால், அந்த இனிமைக்குள்ளேயே இந்தக் கனத்துக்கான இடம் காத்துக்கொண்டிருந்தது தெரியும். அதை முதலில் கேட்டுச் சொன்னவர்கள் மெக்சிகோ ரசிகர்கள். அவர்கள் காது பெரிய காது.