நிழலுக்கு என்ன விலை?
கறுப்பு வெள்ளைக் கலைப்படங்களை வாங்குவது குறித்து ஒரு திறனாய்வு

தமிழர் இக்கலையை நிழற்படம் என்றனர். பாரசீகர் அக்ஸ் என்றனர். நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் எதிருருவுக்கு வழங்கிய சொல் அது. அரபியர் தஸ்வீர் என்றனர். அது உருவமைத்தலைக் குறிக்கும். முதலிரண்டு சொற்களும் படம் தானே விழுந்தது என்கின்றன. மூன்றாவது சொல் அதனை ஒருவர் ஆக்கினார் என்கிறது. இது வெறும் அகராதி வேறுபாடு அன்று. 1914இல் எகிப்தின் முஃப்தியாகப் பொறுப்பேற்ற ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, கேமரா செய்வது படைப்பன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே என வாதிட்டுத் தனி நூல் எழுதினார். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்களோ, கருவி மாறினும் உருவம் உருவமே என்னும் முடிவை உர்தூவில் விரிவாக எழுதினார்.

அவ்விரு தரப்பின் சான்றுகளையும் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இப்னுல் ஹைஸமின் இருட்டறையிலிருந்து தொடங்கிப் பெருமிதம் கொள்வதும் நம் மேடைகளின் வழக்கம். அதனையும் ஈண்டுத் தவிர்க்கிறோம். நாம் எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. நிழலுக்கு விலை கொடுப்பவர் எதனை வாங்குகிறார்?

இக்கேள்வியை நம்மிடம் கொணர்ந்தவர் ஒரு நண்பர். தியாகராய நகரில் துணி வணிகம் செய்பவர்; அடையாற்றில் குடியிருப்பவர். விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்க எண்ணினார். விலை ஏறக்குறைய ஓர் இருசக்கர ஊர்தியின் விலை. "ஹழ்ரத், இதை வீட்டில் மாட்டலாமா என்பதை அப்புறம் கேட்கிறேன். முதலில் இது அந்தப் பணம் பெறுமா, சொல்லுங்கள்" என்றார். ஆலிமிடம் கேட்கப்படும் கேள்விகளில் இது புதுமையானது. அவருடன் சென்று படத்தைப் பார்த்தோம்.

வாங்குவது எதனை?

ஓவியம் ஒன்றே ஒன்று. நிழற்படத்துக்கு அந்த ஒருமை இல்லை. ஒரு நெகடிவிலிருந்து நூறு படிகளும் எடுக்கலாம். எனவே இந்தச் சந்தையில் அருமை என்பது பொருளின் இயல்பன்று, கொடுத்த வாக்கு. 'பத்துப் படிகளில் நான்காவது' என்று பென்சிலால் குறித்துக் கையொப்பமிடும்போது, பதினோராவது படியை ஆக்கேன் என்று கலைஞர் வாக்களிக்கிறார். அதே படத்தை வேறோர் அளவில் அச்சிட்டு வேறு வரிசை எண் இடுவாராயின் வாக்கு என்னாவது? ஆகவே வரிசை எண்ணை மட்டும் பார்த்து மகிழ்தல் போதாது. எல்லா அளவுகளையும் சேர்த்து எத்தனை படிகள் என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

அடுத்தது காலம். படம் எடுத்த ஆண்டு வேறு, படி அச்சிட்ட ஆண்டு வேறு. அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல பத்தாண்டுகள் தம் கையாலேயே அச்சிட்டார். ஏறத்தாழ ஆயிரம் படிகள் இருக்கும் என மதிப்பிடுவர். தொடக்கக் காலப் படிகளில் வானில் மேகம் தெரியும். பிற்காலப் படிகளில் வானம் கருத்துவிட்டது. நெகடிவ் ஒன்றே, படம் ஒன்றன்று. சேகரிப்போர் தொடக்கக் காலப் படிக்கே கூடுதல் விலை கொடுக்கின்றனர்.

மூன்றாவது பொருள். இருட்டறையில் வெள்ளி உப்புத் தாளில் அச்சிட்ட படி, பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்ட டிஜிட்டல் படி ஆகிய இரண்டும் நேர்மையான பொருள்களே. ஒன்றை மற்றொன்றாக விற்பதுதான் நேர்மையன்று. ஜெலட்டின் படலத்தில் தங்கிய வெள்ளித் துகளே பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமை. வண்ணப் படத்தின் சாயம் மங்கும் இடத்தில் வெள்ளி நிற்கும். ஆனால் ஹைப்போவை முற்றக் கழுவாது விட்டால் அதுவும் மஞ்சள் பாய்ந்து கெடும். சென்னையின் கடற்காற்றும் ஈரப்பதமும் ஜெலட்டினுக்குப் பகை, பூஞ்சை படரும். அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே சிறு இடைவெளி, மழைநீர் ஊறாத உட்சுவர் ஆகியவை இல்லாத வீட்டில் நல்ல படி பத்தாண்டில் கறைபடும்.

விற்பொருள் இன்னதென இருவருக்கும் தெளிவாக அறியப்பட்டிருத்தல் வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களில் வணிகப் பகுதியின் தொடக்கப் பாடம். குறையை மறைத்து விற்றல் கூடாது என்பது அடுத்த பாடம். மாணவர்க்கு இவற்றைத் தானியத்தையும் ஒட்டகத்தையும் காட்டி விளக்கி வந்தோம். நிழற்படச் சந்தை அவ்விதிகளுக்கு இத்துணைப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும் என்று நாம் எண்ணியதில்லை. இன்னொன்றும் அறியற்பாலது. படியை வாங்கியவர் தாளை வாங்குகிறாரே அன்றிப் பதிப்புரிமையை அல்லர். 2012இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்பின் நிழற்படத்துக்கும் எடுத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு.

சென்னப்பட்டினத்துப் பழைய கணக்கு

நிழலுக்கு விலைபேசும் வழக்கு இவ்வூருக்குப் புதிதன்று. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று பெரியார் சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. நிழற்படக் கலை அங்கே 1850களிலேயே கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாண அரசு தனக்கென ஒரு நிழற்படக்காரரை அமர்த்தியது. அவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1857 இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எனச் சுற்றினார். மெழுகூட்டிய தாள் நெகடிவ்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 நெகடிவ்களில் எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஒட்டினார். அமராவதிச் சிற்பங்களையும் சென்னையில் படமெடுத்தார். அவற்றுட் பல பின்னர் லண்டன் சென்றுவிட்டன.

அப்பணி நெடுநாள் நீடிக்கவில்லை. ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன், இது நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதினார். 1860இல் கடை கட்டப்பட்டது. அன்று ஆடம்பரம் என ஒதுக்கப்பட்ட அதே படங்களை 2014இலும் 2015இலும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் தனிக் கண்காட்சியாக வைத்தன. விலை என்பது காலத்தின் வாயிலிருந்து வரும் சொல்; அது அடிக்கடி மாற்றிப் பேசும்.

எனினும் டிரைப்பின் படங்களைப் போற்றும்போது ஒன்றை மறத்தலாகாது. அவர் படங்களில் கோபுரம் உண்டு, மண்டபம் உண்டு, மனிதர் அரியர். நெடுநேரம் திறந்துவைக்க வேண்டிய கருவி நடமாடுவோரைப் பதியாமல் விட்டது ஒரு காரணம். 1857இன் கிளர்ச்சியை அடுத்து நாட்டை அளந்து பட்டியலிட விழைந்த அரசின் கண் மற்றொரு காரணம். வெறிச்சோடிய வானத்தில் மேகம் வேண்டி, சில நெகடிவ்களில் அவரே தூரிகையால் மேகம் தீட்டியும் இருக்கிறார். படம் தானே விழும் நிழல் என்பார்க்கு இம்மேகங்களே மறுமொழி.

நிறம் நீக்குதல் ஒரு தீர்ப்பு

இன்று தென்சென்னையில் விற்கப்படும் கறுப்பு வெள்ளைப் படங்களுட் பெரும்பாலானவை மயிலாப்பூரைப் பாடுகின்றன. குளமும் கோபுரமும், பூக்கட்டும் பெண், திண்ணையில் முதியவர், சுருக்கம் விழுந்த முகம். நேற்று எடுத்தது ஐம்பதாண்டுப் பழமையுடையதாய்த் தோன்றுமாறு நிறம் வடிக்கப்பட்டிருக்கும். இதனை நாம் ஏற்கவில்லை. மயிலையின் மாடவீதிக்கு நிறமே வாக்குமூலம்: மஞ்சள், குங்குமம், சுண்ணாம்பு, நனைந்த வாழையிலை. அவற்றை நீக்குபவர், அவற்றினும் மேலான ஒன்றைத் தருதல் வேண்டும். ஒளியும் வடிவமும் நிறத்தின் துணையின்றித் தாமே பொருளுரைக்குமாயின் நீக்கியது தகும். வறுமைக்கு ஒரு கண்ணியப் போர்வை போர்த்துவதற்காக நீக்கினால் அது கலையன்று, ஒப்பனை. வறியவர் முகத்தை நிறத்தோடு பார்க்க நாணுபவர் சாம்பல் நிறத்தில் பார்த்து இரங்குகிறார். இரக்கம் வரவேற்பறைச் சுவரில் மாட்டத்தக்கதாகிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு நண்பர் காட்டிய படத்தை நோக்கினோம். ஒரு பள்ளிவாசலின் ஹவ்ழு. விடியல் ஒளி. முதியவர் ஒருவர் ஒளூச் செய்கிறார். முழங்கை வரை நனைந்த கை நீரிலிருந்து எழுகிறது. படத்தில் மூன்று வெண்மைகள் உண்டு: தொப்பியின் துணி வெண்மை, தாடியின் நரை வெண்மை, நீரில் உடையும் ஒளியின் வெண்மை. மூன்றையும் ஒன்றோடொன்று மயங்காமல் அச்சிட்டிருந்தார் கலைஞர். பின்னே தூணின் நிழல் முழுக்கருமை ஆகாமல் கல்லின் சொரசொரப்பைத் தக்கவைத்திருந்தது. கேமராவை அம்மனிதர் அறிந்ததாகத் தெரியவில்லை. நிறம் இருந்திருந்தால் பச்சைச் சுவரும் நீலக் குழாயும் கண்ணை இழுத்திருக்கும். இங்கே நீக்கியது தகும். நல்ல படம், ஐயமில்லை.

கீழே இருந்த தலைப்பு: 'பிரார்த்தனை, சென்னை.'

தலைப்பு பிழை. ஒளூ, தொழுகைக்கு ஆயத்தமேயன்றித் தொழுகையன்று. அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அம்முதியவரை நாம் அறிவோம். மாணவப் பருவத்தில் நாம் தங்கிப் படித்த பள்ளிவாசலின் மோதினார் அவர். ஃபஜ்ருக்கு எழாத மாணவரை ஒருமுறை மட்டும் அழைப்பார். மறுமுறை நீர் தெளிப்பார். அவருக்குப் பெயர் உண்டு. மக்கள் உண்டு, அவர்கள் இவ்வூரிலேயே இருக்கின்றனர். அவர்களின் இசைவைப் பெறாமையால் அப்பெயரை ஈண்டு அச்சிடவில்லை.

பெயர்

பெயர் நீங்கும் வரலாறு இக்கலையில் நீண்டது. எகிப்தியப் படைப் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும், 1880ஐ ஒட்டி மக்காவையும் படமெடுத்து, தம் பெயரோடு வெளியிட்டார். மக்காவின் மருத்துவர் அஸ்ஸையித் அப்துல் கஃப்பாருக்கு அந்த நிலை வாய்க்கவில்லை. 1885இல் மக்காவில் தங்கிய டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, நாடு திரும்பியபின் அம்மருத்துவர் அனுப்பிய படங்களை 1889இல் வெளியிட்டார். மருத்துவரின் பெயரை வெளியிடவில்லை. படங்களில் அரபியில் இருந்த அவர் கையொப்பம் அழிக்கப்பட்டதை ஆய்வாளர் பின்னர் கண்டறிந்தனர். இன்று சேகரிப்போர் அப்படங்களை அப்துல் கஃப்பாரின் பெயராலேயே தேடுகின்றனர். நம்மூரிலும் டிரைப்பிடம் பணியாற்றிய அய்யாசாமி என்னும் தமிழரின் பெயர் ஆய்வாளர் சிலர் மட்டுமே அறிந்தது.

எடுத்தவரின் பெயராவது ஒருநாள் மீள்கிறது. சந்தைக்கு அது வேண்டும். எடுக்கப்பட்டவரின் பெயரைச் சந்தை கேட்பதில்லை. பெயரற்ற முகம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். பெயருள்ள முகம் ஒரு குடும்பத்துக்கு உரியதாகிவிடும். 2022 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் எட்வர்ட் ஸ்டைக்கனின் ஃபிளாட்அயன் கட்டடப் படம் 1 கோடியே 18 லட்சம் டாலருக்குமேல் விலைபோனது. கட்டடத்தின் பெயரே தலைப்பில் நிற்கிறது. மனிதனுக்கு அவ்வளவு மதிப்பேனும் கிட்டவேண்டாமா?

சேகரிப்பு இதற்கு மாறாகவும் அமையலாம் என்பதற்குச் சான்று இப்ராஹீம் அல்காஸி. அரபுத் தந்தைக்கு 1925இல் புணேயில் பிறந்தவர், தேசிய நாடகப் பள்ளியை 1962 முதல் 1977 வரை இயக்கியவர், 2020இல் மறைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய நிழற்படங்களை அவர் பல்லாயிரக்கணக்கில் திரட்டினார். சுவரில் மாட்டித் தாமே பார்க்க அன்று. அவர் நிறுவிய அறக்கட்டளை அவற்றை ஆய்வாளர்க்குத் திறந்தது. யார், எங்கே, எப்போது என்று தேடித் தேடி நூல்களாக்கியது. லக்னோவின் இடிந்த மாளிகைகளும் விஜயநகரத்தின் சிதைவுகளும் அவ்வாறு பெயர் பெற்றன. நம் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களை டிஜிட்டலாகப் பதிந்து காத்தனர். பழைய வீடுகள் இடிபடும்போது ஆல்பங்கள் எடைக்குப் போகும் ஊரில் இது சிறு பணியன்று. 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா 2024–25இல் தன் நான்காம் பதிப்பை, ஏன் படமெடுக்கிறோம் என்னும் கேள்வியை முன்வைத்தே நடத்தியது. ஏன் வாங்குகிறோம் என்பதும் அதனோடு சேர்த்துக் கேட்கத்தக்கது.

நண்பரிடம் நாம் கூறியது இது: படம் நன்று. விலை மிகையன்று. ஆயின் வாங்குமுன் மூன்றினை எழுத்தில் கேளுங்கள். யார், எந்த ஆண்டில், எந்தத் தாளில் அச்சிட்டார்? எல்லா அளவுகளிலும் மொத்தம் எத்தனை படிகள்? படத்தில் இருப்பவர் யார், அவரோ அவர் குடும்பத்தாரோ அறிவார்களா? மூன்றாவதற்குரிய விடையை நாமே தருகிறோம். படத்தின் பின்புறம் அப்பெயரை எழுதித் தரட்டும். குடும்பத்துக்கு ஒரு சிறு படி கொடுக்கட்டும். வீட்டில் மாட்டுவது பற்றிய கருத்து வேறுபாட்டை அதன்பின் பேசுவோம்.

முதலிரண்டு வினாக்களுக்கு விடை ஒரு வாரத்தில் வந்தது. தடித்த தாளில், முத்திரையுடன், குறைசொல்ல இடமின்றி. மூன்றாவதைப் பற்றி அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை. நண்பர் மீண்டும் கேட்டார். படத்தின் பொதுமை கெடும் என்று மறுமொழி வந்தது. அவர் தயங்கிய நாள்களில் வேறொருவர் அதனை வாங்கிச் சென்றார்.

எங்கோ ஒரு சுவரில் அம்முதியவரின் கை இப்போதும் நீரிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது. வெள்ளி நிற்கும் வரை நிற்கும். அவரை அழைக்கும் பெயர் மட்டும் அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது. அவர் மகளைச் சென்று கண்டு, படத்தைப் பற்றிச் சொன்னோம். தந்தையின் படம் ஒன்றுகூடத் தம்மிடம் இல்லை என்றார்.